மெயின்ஃப்ரேமில் தமிழ் தேடுவது யார்?

தமிழில் எழுதிய ஏதாவது ஒரு கோப்பை, எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, அதன் பைட்டுகளை எண்களாக அச்சிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட், மூன்றில் முதலாவது எப்போதும் 224. ‘த’ என்றால் 224, 174, 164.

இந்த 224ஐ சி மொழியின் கேரக்டர் வகையில் போட்டு வைத்தால் அது என்னவாக இருக்கும்? எந்த எந்திரம் என்பதைப் பொறுத்தது. இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஓடும் லினக்ஸில் அது −32. அதே நிரலை ஆர்ம் சிப் உள்ள சின்னக் கணினிப் பலகையான ராஸ்பெர்ரி பையில் கம்பைல் செய்தால் (எந்திர மொழிக்கு மாற்றினால்) 224ஆகவே இருக்கும். ஐபிஎம்மின் பவர் சிப்பிலும் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியிலும் 224, திறந்த வடிவமைப்பான ரிஸ்க்-வி சிப்பிலும் 224. கேரக்டர் வகைக்கு மைனஸ் குறி உண்டா இல்லையா என்பதை சி மொழியின் தர விதி முடிவு செய்யாமல், கம்பைலர் எழுதுபவர்களிடம் விட்டுவிட்டது. ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் (சிப் வகையும்) தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டது.

ஆங்கிலம் மட்டும் கையாளும் நிரலுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆங்கில எழுத்துகள் எல்லாமே 128க்குக் கீழே முடிந்துவிடும், அங்கே மைனஸுக்கு வேலையில்லை. தமிழ் எழுத்தில் ஒரு பைட்கூட 128க்குக் கீழே வராது. ஆகவே தமிழைத் தொடும் சி நிரல் ஒன்றை இரண்டு வகை எந்திரங்களில் ஓட்டினால், முதல் எழுத்திலேயே இரண்டும் வேறு வேறு எண்ணைப் பார்க்கின்றன. “பூஜ்யத்துக்குக் குறைவாக இருந்தால் இது ஆங்கிலம் அல்ல” என்று ஒருவர் எழுதியிருந்தால் அது மடிக்கணினியில் வேலை செய்யும், ராஸ்பெர்ரி பையில் செய்யாது. “128க்கு மேல் இருந்தால்” என்று எழுதியிருந்தால் நேர் தலைகீழ். 256 இடங்கள் உள்ள அட்டவணையில் அந்த எண்ணைக் கொண்டு நேரடியாகத் தேடினால், மடிக்கணினியில் நிரல் அட்டவணைக்கு 32 இடம் முன்னால் போய் ஏதோ ஒரு நினைவகத்தைப் படித்துவிட்டு வரும். பெரும்பாலும் அங்கே பூஜ்யம் இருக்கும். அதனால் யாருக்கும் தெரியாது.

தமிழ்ச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒரு சொற்பட்டியலில் தேடித் தரும் சின்ன லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றை, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் நிறுவத் தோதாகப் பேக்கேஜ் செய்யும் வேலையைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எழுதியவர் நான் அல்ல. எழுதியவர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் நிரலை எழுதுவார், நான் அது எல்லா எந்திரத்திலும் கம்பைல் ஆகிறதா, நிறுவிய பிறகு ஓடுகிறதா, அடுத்த பதிப்பு வந்தால் பழையதை நம்பியிருக்கும் மென்பொருள்கள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இந்த வேலையில் எனக்கு உறுதியாகிப்போன ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஏதோ ஓர் அபூர்வமான எந்திரத்தில் டெஸ்ட் தோற்றால், அது பெரும்பாலும் உங்கள் மடிக்கணினியிலும் இருக்கிற கோளாறு. அங்கே அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

டெபியனில் இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பராமரிப்பாளர் மூல நிரலை மட்டும் ஏற்றினால் போதும். ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனியாகப் பில்ட் எந்திரங்கள் இருக்கின்றன. அவை வரிசையில் எடுத்து, சுத்தமான சூழலில் கம்பைல் செய்து, லைப்ரரியோடு வரும் டெஸ்டுகளை ஓட்டி, முழு லாகையும் (ஓட்டப் பதிவையும்) எல்லோரும் படிக்கும்படி வெளியே வைத்துவிடும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அதிகாரப்பூர்வ ஆதரவு பெற்றவை ஏழு: ஏஎம்டி64, ஆர்ம்64, 32 பிட் ஆர்மில் இரண்டு வகை, பவர், ரிஸ்க்-வி, அப்புறம் மெயின்ஃப்ரேமின் எஸ்390எக்ஸ். முந்தைய பதிப்பில் இருந்த மிப்ஸ் இதில் இல்லை. பழைய 32 பிட் இன்டெலுக்கு இனி தனி நிறுவி கிடையாது, 64 பிட் அமைப்புக்குள் பழைய மென்பொருளை ஓட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆர்க்கிடெக்சரில் முன்பு பில்ட் ஆன பேக்கேஜ் இப்போது ஆகவில்லை என்றாலோ, முன்பு தேறிய டெஸ்ட் இப்போது தோற்றாலோ, புதிய பதிப்பு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நின்றுவிடும். ஆறு பச்சை, ஒரு சிவப்பு என்றாலும் நிற்கும்தான்.

எங்களுக்கு நின்றது எஸ்390எக்ஸில்.

அந்த ஏழில் எஸ்390எக்ஸ் மட்டும் ஒரு விஷயத்தில் தனி. மற்ற ஆறும் ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது சிறிய பாதியை முதலில் வைக்கும், இது பெரிய பாதியை முதலில் வைக்கும். லைப்ரரியின் சொற்பட்டியல் ஒரு பைனரிக் கோப்பு. ஒவ்வோர் எழுத்தும் இரண்டு பைட் எண்ணாக எழுதப்பட்டிருந்தது. யூனிகோடில் ‘த’வின் எண் 2980. அந்த இரண்டு பைட்டையும் இடம் மாற்றிப் படித்தால் 41995 வரும். அந்த எண் தென்மேற்குச் சீனாவில் வாழும் யீ மக்களின் எழுத்து வரிசைக்குள் விழுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் மீதி நான்கு குறிகளும் இப்படிப் புரண்டால் கொரிய அசைகளாகிவிடும். தோற்ற டெஸ்டின் லாகைத் திறந்தபோது நான் பார்த்தது அதைத்தான்: ஒரு யீ எழுத்து, பின்னால் நான்கு கொரிய எழுத்துகள், “சொல் கிடைக்கவில்லை” என்ற செய்தி.

இதில் பேக்கேஜ் சம்பந்தப்பட்ட ஒரு கண்ணியும் உண்டு, அதைச் சொல்ல வேண்டும். டெபியனில் ஒரு பேக்கேஜை இரண்டு விதமாக அறிவிக்கலாம். ஒவ்வோர் ஆர்க்கிடெக்சருக்கும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டியது ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தடவை செய்தால் போதும் என்பது இன்னொன்று. ஆவணங்கள், படங்கள், சொற்பட்டியல்கள் எல்லாம் இயல்பாகவே இரண்டாவது வகையில் போகும். பொதுவானதை ஓர் எந்திரம் மட்டும்தான் உருவாக்கும், அது ஏஎம்டி64. அப்படி உருவான பட்டியலை மெயின்ஃப்ரேம் தரவிறக்கி வாசிக்கிறது. அதாவது மெயின்ஃப்ரேமில் எந்தப் பில்டும் தோற்கவில்லை. நிறுவிய பிறகு ஓடும் டெஸ்டில்தான் உடைந்தது. பில்டோடு டெஸ்டை நிறுத்திக்கொள்ளும் திட்டங்களுக்கு இது கண்ணிலேயே படாது. நிறுவப்பட்ட பேக்கேஜை வைத்து மறுபடி டெஸ்ட் ஓட்டும் ஏற்பாட்டை டெபியன் கட்டி வைத்திருக்கிறது. அதற்காக அந்தத் திட்டத்துக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

யூனிகோடுக்கான பெரிய லைப்ரரியான ஐசியு இந்தச் சிக்கலை எப்போதோ பார்த்துவிட்டது. அதன் தரவுக் கோப்பின் பெயரிலேயே கடைசியில் ஒரு எழுத்து சேர்த்திருப்பார்கள், எந்தப் பாதி முதலில் என்பதைச் சொல்வதற்கு. ஐபிஎம்மின் பழைய எழுத்துமுறைக்கு அதில் மூன்றாவதாகவும் ஓர் எழுத்து இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

“ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் உட்கார்ந்து தமிழ்ச் சொல் தேடப்போவது யாருப்பா? அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடேன்.”

“எடுத்துவிடலாம் அண்ணே, ஒரு வரி வேலைதான். ஆனால் கோப்பை எப்படிப் படிக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ணலாமே.”

பார்த்தோம். கோப்பை அப்படியே நினைவகத்தில் ஏற்றி, ஏற்றிய இடத்தையே ஒரு கட்டமைப்பாகப் பாவித்து, உள்ளே இருக்கும் எண்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தது நிரல். வேகத்துக்காகப் பலர் செய்வதுதான். அதில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பைட் வரிசை என்னவென்று கோப்பு சொல்லவில்லை. நான்கால் வகுபடாத இடத்திலிருந்து நான்கு பைட் எண் எடுக்கப்பட்டது. அப்புறம், கோப்பின் தலைப்பில் “இத்தனை சொற்கள்” என்று இருந்தால் அத்தனையும் கோப்பில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று யாரும் சரிபார்க்கவில்லை. மூன்றாவது விஷயத்துக்கும் மெயின்ஃப்ரேமுக்கும் சம்பந்தமே இல்லை. பாதியில் அறுந்த தரவிறக்கம் ஒன்று போதும், எந்த மடிக்கணினியிலும் நிரல் கோப்பின் எல்லை தாண்டி வாசித்து விழுந்துவிடும். அண்ணனுக்கு முன்பே அப்படி ஒரு வழு அறிக்கை வந்திருந்தது, திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாமல் அது அப்படியே கிடந்தது.

எண்ணை பைட் பைட்டாகப் படித்து, கணக்குப் போட்டுச் சேர்க்கும் ஒரு சின்னச் சார்பை எழுதி, எல்லா வாசிப்பையும் அதன் வழியே கொண்டுபோனோம். எல்லையைச் சரிபார்ப்பதும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. மெயின்ஃப்ரேம் பச்சையானது, கிடப்பில் இருந்த அறிக்கையையும் மூட முடிந்தது. வேகம் குறையுமோ என்ற பயமும் தேவைப்படவில்லை. இன்றைய கம்பைலர்கள் அந்த பைட் பைட் வாசிப்பை அடையாளம் கண்டு, சாதாரண எந்திரங்களில் ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடுகின்றன.

அண்ணனின் கேள்விக்கு இதுதான் என் பதில். மெயின்ஃப்ரேமில் யாரும் தமிழ் தேடாமல் இருக்கலாம். நம் நிரலைச் சரியான கண்ணோடு வாசிக்கும் எந்திரம் அது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. முன்பு ஸ்பார்க், பழைய பவர்பிசி, மிப்ஸ் என்று பல இருந்தன. அவை ஒவ்வொன்றாக விலகிப் போகும்போது, நிரலில் இருக்கும் ஒரு வகைத் தவறையே யாரும் பார்க்க முடியாத நிலை வருகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது தசம எண்கள். இதில் நான் கற்றுக்கொண்டது அதிகம்.

லைப்ரரியில் இரண்டு சொற்கள் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிடும் ஒரு பகுதி உண்டு. கடைசிப் படியில் இரண்டு வர்க்கங்களைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, வருவதை முழு எண்ணாக மாற்றும். இரண்டு சொல்லும் ஒன்றே என்றால் விடை பூஜ்யம். மடிக்கணினியில் பூஜ்யம்தான் வந்தது. ஆர்ம்64லும் பூஜ்யம். ரிஸ்க்-வியில் 2147483647 வந்தது.

“ரிஸ்க்-வி புதுசு, கம்பைலரில் ஏதோ வழு இருக்கும்” என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையில், நடுவில் ஒரு தடவைகூட வட்டமாக்காமல் செய்யும் வசதி ஆர்ம்64, பவர், ரிஸ்க்-வி, எஸ்390எக்ஸ் நான்கிலும் டெபியன் எதிர்பார்க்கும் அடிப்படைச் சிப்பிலேயே இருக்கிறது. ஏஎம்டி64இன் அடிப்படையில் அது கிடையாது, பின்னால் வந்த சிப்களில்தான் வந்தது. ஜிசிசி கம்பைலர் அந்த வசதியைக் கண்டால் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளும். அப்போது ஒரு வர்க்கம் முழுத் துல்லியத்தோடும், இன்னொன்று வட்டமாக்கப்பட்டும் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணின் வர்க்கம் என்றாலும் கழித்தால் மிக மிகச் சின்ன மிச்சம் வரும். சில எண்களுக்கு அந்த மிச்சம் மைனஸ். மைனஸுக்கு வர்க்கமூலம் எடுத்தால் “எண்ணே அல்ல” என்ற விடை வரும்.

அந்த “எண்ணே அல்ல” என்பதை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொன்று சொல்லும். ரிஸ்க்-வி தன்னால் முடிந்த மிகப் பெரிய எண்ணைத் தரும். இன்டெல் மிகப் பெரிய மைனஸ் எண்ணைத் தரும். ஆர்ம் பூஜ்யம் தரும். ஆர்ம்64இல் டெஸ்ட் தேறியதன் காரணம் இதுதான்! கணக்கு அங்கேயும் தவறாகத்தான் போயிருந்தது, கடைசிப் படியில் தற்செயலாகச் சரியான விடையில் வந்து நின்றது. ரிஸ்க்-வி பில்ட் மட்டும் இல்லையென்றால் இன்று உலகின் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போன்களிலும் ஓடும் ஒரு சிப் வகையில் அந்தத் தவறு அப்படியே பதுங்கியிருக்கும்.

பூஜ்யத்தால் வகுப்பதும் இதே மாதிரிதான். முழு எண் ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்தால் இன்டெலில் நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆர்ம்64 சத்தமில்லாமல் பூஜ்யத்தைத் தரும். ரிஸ்க்-வி எல்லா பிட்டையும் ஒன்றாக்கி, அதாவது −1ஐத் தரும். “ஏஎம்டியில் விழுகிறது, ஆர்மில் ஓடுகிறது, ஆகவே ஆர்ம் நல்லது” என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் கணக்கு தவறு, ஒன்றில் தெரிகிறது.

இப்படிப்பட்ட இடங்களில் பலர் செய்வது டெஸ்டில் ஒரு சலுகை எல்லையைச் சேர்ப்பது: விடை இவ்வளவு பக்கத்தில் இருந்தால் போதும் என்று. சில கணக்குகளுக்கு அது சரியான தீர்வேதான், தசம எண்ணில் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. ஆனால் காரணம் தெரியாமல் எல்லையைத் தளர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் விஷயத்தில் சரியான தீர்வு சூத்திரத்தை மாற்றுவது. வர்க்கங்களைக் கழிப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் போதும், பள்ளியில் படித்ததுதான். இரண்டும் ஒன்றே என்றால் வித்தியாசம் சுத்தமான பூஜ்யம், எந்தச் சிப்பிலும்.

சரி, இத்தனை எந்திரங்களுக்கு எங்கே போவது? வீட்டில் மெயின்ஃப்ரேம் வைத்துக்கொள்ள முடியாது. முதல் பதில் க்யூஈஎம்யூ, வேறொரு சிப்பைப் போல நடித்துக் காட்டும் மென்பொருள். லினக்ஸில் இயங்கும் ஒவ்வொரு நிரல் கோப்பின் தொடக்கத்திலும் எந்த எந்திரத்துக்கானது என்று ஓர் எண் இருக்கும். ஏஎம்டி64க்கு 62, ஆர்ம்64க்கு 183, ரிஸ்க்-விக்கு 243, மெயின்ஃப்ரேமுக்கு 22. லினக்ஸின் மையமான கெர்னல் அந்த எண்ணைப் பார்த்து, “இது எனக்குப் புரியாது, க்யூஈஎம்யூவிடம் கொடு” என்று தானாக அனுப்பிவிடும்படி அமைக்கலாம். அமைத்துவிட்டால் உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே ரிஸ்க்-வி டெபியன் ஒன்றைத் திறந்து, உள்ளே போய், கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டலாம். பல மடங்கு மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். பைட் வரிசை, கேரக்டர் குறி, 32 பிட் எண் வழிதல் இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க இதுவே போதும். சி அல்லது சி++ லைப்ரரி எழுதும் எந்த மாணவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்று மாலையே இதை அமைத்துப் பாருங்கள், காசு எதுவும் செலவில்லை.

ஆனால் க்யூஈஎம்யூவுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. அவற்றில் மோசமானது நினைவக வரிசை. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களில் ஒன்று சொற்பட்டியலை ஏற்றி முடித்து, “தயார்” என்று ஒரு கொடியை உயர்த்துகிறது. இன்னொரு த்ரெட் கொடியைப் பார்த்துவிட்டுப் பட்டியலை வாசிக்கிறது. இன்டெலிலும் ஏஎம்டியிலும் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயேதான் மற்றவற்றுக்குத் தெரியும், அதனால் இது பல காலம் பிரச்சினை இல்லாமல் ஓடும். ஆர்மிலும் பவரிலும் அந்த உத்தரவாதம் கிடையாது. கொடி முதலில் தெரிந்து, பட்டியல் பின்னால் வந்து சேரலாம். எங்கள் டெஸ்ட் ஆர்ம்64 பில்ட் எந்திரத்தில் எப்போதாவது ஒரு தடவை விழும், மறுபடி ஓட்டினால் தேறும். மடிக்கணினியில் க்யூஈஎம்யூ வைத்து இரவு முழுக்க ஓட்டினாலும் விழாது, ஏனென்றால் அடியில் ஓடுவது இன்டெல் சிப், அதன் ஒழுங்கு க்யூஈஎம்யூவுக்கும் வந்துவிடுகிறது.

“சில சமயம் தோற்கும் டெஸ்ட்” என்று முத்திரை குத்தி, தோற்றால் மூன்று தடவை மறுபடி ஓட்டு என்று அமைத்துவிடுவது இந்தத் துறையில் சாதாரணமாகிவிட்டது. எனக்கு அதில் கடுமையான மறுப்பு உண்டு. எப்போதாவது தோற்கும் டெஸ்ட், எப்போதாவது பயனரிடம் விழும் நிரல். அந்தக் கொடியை அட்டாமிக் (த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் மாறி) ஆக்கி, எழுதும்போதும் படிக்கும்போதும் வரிசையைக் குறிப்பிட்டோம். இன்டெலில் இதற்குக் கூடுதல் கட்டளை எதுவும் தேவைப்படுவதில்லை, பழைய அதே கட்டளைதான் உருவாகிறது. ஆர்ம்64 அதற்கென்றே தனிக் கட்டளைகள் வைத்திருக்கிறது. வேகத்தில் நஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

பக்க அளவும், அதாவது நினைவகத்தை இயங்குதளம் பங்கிடும் துண்டின் அளவும், க்யூஈஎம்யூவில் தெரியாது. நினைவகப் பக்கம் என்றால் 4096 பைட் என்று மனப்பாடமாக எழுதியிருக்கும் நிரல்கள் ஏராளம். ராஸ்பெர்ரி பை 5க்கான அதிகாரப்பூர்வ இயங்குதளத்தின் கெர்னல் 16 கிலோபைட் பக்கங்களோடு வருகிறது, ஆப்பிள் சிப்பில் ஓடும் லினக்ஸும் அப்படியே. பவரில் 64 கிலோபைட் சாதாரணம். நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஜெமலாக் போன்ற லைப்ரரிகளில் பக்க அளவு கம்பைல் செய்யும்போதே உறைந்துவிடும். பில்ட் எந்திரத்தின் அளவைவிடப் பயனரின் அளவு பெரிதாக இருந்தால் நிரல் தொடங்கிய உடனே நின்றுவிடும்.

ஆகவே உண்மையான எந்திரமும் வேண்டும். திறந்த மூல வேலைக்கு அது கிடைக்கும், பலருக்கு இது தெரிவதில்லை. ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்ற பெயரில் பல ஆர்க்கிடெக்சர் எந்திரங்களைத் திறந்த மூல நிரலாளர்களுக்குக் கணக்குத் திறந்து தருகிறார்கள். டெபியனிலும் நிரலை ஓட்டிப் பார்க்கத் தரும் போர்ட்டர் எந்திரங்கள் இருக்கின்றன, டெபியன் உறுப்பினர் அல்லாதவரும் காரணம் சொல்லி விருந்தினர் கணக்குக் கேட்கலாம். எந்த ஊரிலோ இருக்கும் ஒரு பவர் எந்திரத்தில் உள்ளே நுழைந்து, நம் லைப்ரரியின் சொற்பட்டியலில் ‘யாழ்’ என்று தேடி, விடை சரியாக வந்ததைப் பார்த்த அன்று எனக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பேக்கேஜ் செய்வதில் இன்னொரு பெரிய கேள்வி: எவ்வளவு பழைய சிப் வரை ஆதரிப்பது? “இந்த எந்திரத்துக்கு ஏற்ற மாதிரி உச்ச வேகத்தில் கம்பைல் செய்” என்ற ஒரு கட்டளை ஜிசிசி போன்ற கம்பைலர்களில் இருக்கிறது. நம் எந்திரத்தில் நமக்காகச் செய்துகொண்டால் நல்லதுதான். பேக்கேஜில் அது வரவே கூடாது. பில்ட் எந்திரம் புதுச் சிப் என்றால், பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு “சட்டவிரோதக் கட்டளை” என்ற ஒரே வரியோடு நிரல் சாகும். டெபியனின் 32 பிட் ஆர்ம் வகை ஒன்று, நியான் என்ற வேகக் கட்டளைத் தொகுதி இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. என்விடியாவின் டெக்ரா 2 போல நியான் இல்லாத சிப்கள் அந்தத் தலைமுறையில் உண்டு. முதல் ராஸ்பெர்ரி பை இன்னும் ஒரு படி கீழே. தசமக் கணக்குக்கான வன்பொருள் இருந்தும், அடிப்படைக் கட்டளைத் தொகுதி பழையது என்பதால் அந்த டெபியன் அதில் ஓடாது. அந்த ஒரு பலகைக்காக 2012இல் ராஸ்பியன் என்று டெபியனையே மறுபடி கம்பைல் செய்தார்கள். பிறகு எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பலகையில் நிரல் கற்றார்கள் என்று நினைத்தால், “பழைய சிப்தானே, விடு” என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வேகம் வேண்டுமென்றால் நிரல் தொடங்கும்போது சிப்பிடம் கேட்டு, இருந்தால் வேகமான சார்பையும் இல்லையென்றால் சாதாரணச் சார்பையும் எடுத்துக்கொள்ளலாம். கணித லைப்ரரியான ஓபன்பிளாஸ் அப்படித்தான் செய்கிறது.

சி++ இடைமுகம் இருந்தால் இன்னொரு தலைவலியும் சேரும். அளவைக் குறிக்கும் அடிப்படை வகை 64 பிட்டில் ஒரு பெயரும் 32 பிட்டில் இன்னொரு பெயரும் பெறுகிறது, அதனால் ஒரே சார்பு லைப்ரரிக்குள் இரண்டு வேறு பெயர்களில் பதிவாகும். எந்த ஆர்க்கிடெக்சரில் எந்தப் பெயர் என்று பட்டியல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பொறுமையான வேலை, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4 வந்தபோது நடந்ததைச் சொல்லலாம். பாதுகாப்புக்காக ரஸ்ட் மொழியைக் கொண்டுவந்தார்கள், கம்பைல் செய்ய ரஸ்ட் கம்பைலர் கட்டாயமானது. தயார் நிலையில் பேக்கேஜ் கிடைக்காத ஆல்பைன் லினக்ஸ் பயனர்களின் பில்டுகள் உடைந்தன. ஆல்ஃபா, எச்பிபிஏ, எம்68கே போன்ற பழைய ஆர்க்கிடெக்சர்களில் ஜென்டூ என்ற லினக்ஸை ஓட்டுபவர்களுக்கு ரஸ்ட் கம்பைலரே இல்லை. பெரிய வாக்குவாதம் நடந்தது. அந்த எந்திரங்களை நாங்கள் என்றுமே டெஸ்ட் செய்ததில்லை, ஆதரவு தருவதாகச் சொன்னதும் இல்லை என்பது எழுதியவர்கள் பக்கம். இத்தனை நாள் ஓடியதே என்பது மற்றவர்கள் பக்கம்.

என் கணிப்பில் முடிவு சரியானதுதான், நினைவகப் பிழைகளால் கடவுச்சாவி கசியக்கூடிய இடத்தில் சியை விட்டு வெளியேறுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் “கம்பைல் ஆகிறது” என்பதும் “டெஸ்ட் செய்யப்பட்டது” என்பதும் ஒன்றல்ல என்பதைப் பயனர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எந்தெந்த எந்திரத்தில் டெஸ்ட் ஓடுகிறது, எதில் ஓடுவதில்லை என்று லைப்ரரியின் முகப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். எங்கள் லைப்ரரிக்கு அப்படி ஒரு அட்டவணை வைத்தோம். “கம்பைல் ஆகும், டெஸ்ட் இல்லை” என்று ஒரு தனி நெடுவரிசையும் அதில் உண்டு. அண்ணன் அந்த நெடுவரிசையைக் காலியாக வைத்திருப்பதையே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

ரிஸ்க்-வி மீது எனக்குத் தனி அக்கறை உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி சிப்கள் அந்தக் கட்டளைத் தொகுதியின்மேல் எழுந்தவைதான். நம் ஊரில் வடிவமைத்த சிப்பில் தமிழ் மென்பொருள் முதல் நாளிலிருந்தே பிசகாமல் ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு இப்போதே, கையில் கிடைக்கும் எந்த ரிஸ்க்-வி பலகையிலாவது டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டெபியன் 13இல்தான் ரிஸ்க்-வி முதன்முறையாக அதிகாரப்பூர்வமாக வந்தது. பில்ட் எந்திரங்கள் இன்னும் மெதுவுதான். எங்கள் லாகில் அங்கே வரும் அட்டாமிக் சம்பந்தப்பட்ட இணைப்புப் பிழைக்கு ஒரு கூடுதல் லைப்ரரியை இணைத்தால் போதும் என்பதைப் பலர் அறியாமல் பேக்கேஜையே கைவிட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஒரு வரியில் முடியும் விஷயம்.

எங்கள் பட்டியலில் இப்போது பாக்கியிருப்பது 32 பிட் ஆர்ம். 2038 ஜனவரி 19 அன்று நொடிகளை எண்ணும் 32 பிட் நேரக் கணக்கு தீர்ந்துவிடும் என்பதால், டெபியன் 32 பிட் ஆர்ம் வகைகளில் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியது. அதற்காக ஏராளமான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரின் கடைசியில் ‘டி64’ என்று ஒட்டு சேர்ந்தது, மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் பேக்கேஜும் அதில் ஒன்று. எங்கள் சொற்பட்டியலின் தலைப்பில் அதை உருவாக்கிய நேரம் இன்னும் நான்கு பைட்டில்தான் இருக்கிறது. எட்டு பைட்டாக மாற்றினால் பழைய கோப்புகளையும் படிக்க வேண்டும், புதிய கோப்பைப் பழைய லைப்ரரி திறந்தால் தெளிவான பிழைச் செய்தியோடு மறுக்க வேண்டும். வரைவை அண்ணன் எழுதி அனுப்பியிருக்கிறார். முதலில் எஸ்390எக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.